மருத்துவப் பாடம்: இளைப்பு நோயை அறிந்துகொள்வோம்



சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு இரண்டு மணிக்கு மேல் ஒரு தாய் தன் ஏழு வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார். பையனுக்குப் பேச முடியவில்லை. விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்வாங்க, தோள்கள் ஏறி இறங்க, ஒவ்வொரு மூச்சுக்கும் அவன் போராடிக்கொண்டிருந்தான். பிராணவாயுவும் மருந்துப் புகையும் கொடுத்தோம், மாத்திரையும் கொடுத்தோம். விடியும்போது எழுந்து உட்கார்ந்து பன்னும் பாலும் கேட்டான். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னோம்.

ஆனால் காலையில் அவனுடைய பழைய சீட்டுகளைப் புரட்டியபோது எங்களுக்கு வெட்கமாயிருந்தது. அந்த ஒரே ஆண்டில் அது அவனுக்கு நான்காம் முறை. மூன்று முறையும் இதேபோல மருந்துப் புகை கொடுத்து, மூச்சு சீரானதும் வீட்டுக்கு அனுப்பியிருந்தோம். அடுத்த முறை வராமல் தடுக்கும் மருந்து எதையும் நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. அந்தத் தாய்க்கு உட்கார்ந்து பத்து நிமிடம் விளக்கிச் சொல்லவும் இல்லை. தீயை மூன்று முறை அணைத்தோம், அடுப்பைக் கவனிக்கவில்லை.

அந்த இரவின் காரணமாகவே இந்த இதழின் மருத்துவப் பாடத்திற்கு இளைப்பு நோயை எடுத்துக்கொண்டோம். உங்கள் வீட்டிலோ சபையிலோ இந்த நோயுள்ளவர் ஒருவராவது நிச்சயம் இருப்பார்.

நோய் என்பது என்ன?

இளைப்பு, இரைப்பு, வீசிங் என்று பல பெயர்களில் நாம் அழைக்கும் ஆஸ்துமா, நுரையீரலுக்குள் காற்றைக் கொண்டுசெல்லும் சிறு குழாய்களின் நோயாகும். இக்குழாய்களின் உட்சுவர் நாள்பட்ட அழற்சியால் வீங்கிச் சிவந்திருக்கிறது. தூசி, புகை, குளிர்காற்று, சளிக்காய்ச்சல் போன்ற ஏதாவது ஒன்று பட்டவுடன் மூன்று காரியங்கள் நடக்கின்றன: குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகுகிறது, உட்சுவர் இன்னும் வீங்குகிறது, கெட்டியான சளி சுரந்து வழியை அடைக்கிறது. குறுகிய வழியில் காற்று வெளியேறும்போது விசில்போன்ற ஒலி கேட்கிறது.

தசை இறுக்கம் சில நிமிடங்களில் தளரக்கூடியது. அழற்சியோ, நோயாளி நன்றாக இருக்கும் நாட்களிலும் உள்ளே இருந்துகொண்டே இருக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால், பின்னால் மருந்துகளைப்பற்றிச் சொல்லப்போவது எளிதாக விளங்கும்.

இது தொற்றுநோய் அல்ல. இளைப்புள்ளவரின் டம்ளரில் தண்ணீர் குடித்தால் யாருக்கும் வராது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2019-ஆம் ஆண்டில் உலகில் 26 கோடியே 20 லட்சம் பேருக்கு இந்நோய் இருந்தது. 4 லட்சத்து 55 ஆயிரம் பேர் இதனால் மரித்தார்கள். அந்த மரணங்களில் பெரும்பாலானவை வருமானம் குறைந்த நாடுகளிலேயே நடக்கின்றன. நோயைச் சரியாகக் கண்டறியாததும், மருந்து கைக்கெட்டாததுமே அதற்கு முக்கிய காரணங்கள்.

எல்லா இளைப்பும் ஆஸ்துமா அல்ல

மருத்துவர் ஏன் இத்தனை கேள்விகள் கேட்கிறார் என்று சிலர் சலித்துக்கொள்கிறார்கள். காரணம் உண்டு. இளைப்பைப்போலவே தோன்றும் வேறு நோய்கள் நம் ஊரில் அநேகம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் சளியைப் பரிசோதித்துக் காசநோய் இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். அறுபது வயதைக் கடந்தவர், படுத்தால் மூச்சு முட்டுகிறது, கால் வீங்குகிறது என்றால் அது இருதய பலவீனமாக இருக்கலாம். பல வருடங்கள் விறகடுப்புப் புகையில் சமைத்த தாய்மாருக்கும், பீடி, சிகரெட் புகைத்தவர்களுக்கும் வரும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வேறு. யானைக்கால் நோயின் கிருமிக்கு உடல் மிகையாக எதிர்வினை காட்டுவதாலும் இரவு இருமலும் இரைப்பும் வரும். 1943-ல் இந்தியாவிலிருந்து எழுதிய ஒரு மருத்துவர் இதற்கு வெப்பமண்டல ஈசினோபீலியா என்று பெயரிட்டார். இரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் அணுக்கள் மிக அதிகமாயிருக்கும். இதற்கு மருந்தே வேறு.

நன்றாக விளையாடிக்கொண்டிருந்த சிறு குழந்தைக்குத் திடீரென்று இருமலும் ஒரு பக்கம் மட்டும் இரைப்பும் வந்தால், வேர்க்கடலையோ புளியங்கொட்டையோ மூச்சுக்குழலில் சிக்கியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும். அதற்கு எத்தனை நாள் மருந்துப் புகை பிடித்தாலும் பயனில்லை.

பெரியவர்களில் கண்டறிவது எப்படி?

முதல் கருவி காது. நாங்கள் கேட்பவை இவை: இருமல், இரைப்பு, நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்றுக்கு மேல் உண்டா? வந்து வந்து போகிறதா? நள்ளிரவிலும் அதிகாலையிலும் மிகுதியா? தூசி, புகை, சிரிப்பு, ஓட்டம் இவற்றால் கிளம்புகிறதா? குடும்பத்தில் யாருக்காவது இளைப்போ, கரப்பானோ, ஓயாத தும்மலோ உண்டா? செய்யும் வேலை என்ன? நூற்பாலை, மாவு மில், கல் உடைக்கும் இடம், பெயின்ட் அடிக்கும் பட்டறை ஆகியவற்றில் வேலை செய்பவர், “லீவு நாளில் நன்றாக இருக்கிறேன், வேலைக்குப் போனால் வருகிறது” என்று சொன்னால் அந்த ஒரு வாக்கியமே பாதி நோயறிதல். இரத்த அழுத்தத்துக்கோ வலிக்கோ என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்றும் கேட்போம். புரோப்ரனலால், ஆஸ்பிரின் போன்றவை சிலருக்கு இளைப்பைக் கிளப்பிவிடும்.

இரண்டாவது, ஊதிக் காட்டும் பரிசோதனை. ஸ்பைரோமீட்டர் என்னும் கருவியில் நோயாளி மூச்சை முழுதும் இழுத்து வேகமாக ஊதுகிறார். முதல் ஒரு வினாடியில் எவ்வளவு காற்று வெளியேறுகிறது என்று பார்க்கிறோம். பிறகு சால்புட்டமால் மருந்தை உள்ளிழுக்கச் செய்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் ஊதச் சொல்கிறோம். முதல் வினாடிக் காற்று 12 சதவீதத்துக்கும் 200 மில்லிலிட்டருக்கும் மேல் கூடினால் அது ஆஸ்துமாவுக்கு வலுவான சான்று. உதாரணமாக, 1.8 லிட்டர் ஊதியவர் மருந்துக்குப்பின் 2.2 லிட்டர் ஊதினால் 400 மில்லிலிட்டர், அதாவது 22 சதவீதம் கூடியிருக்கிறது.

இந்தக் கருவி இல்லாத கிராமச் சிகிச்சை நிலையங்களில் பீக் ஃப்ளோ மீட்டர் உதவுகிறது. கையடக்கமான பிளாஸ்டிக் குழாய், மின்சாரம் வேண்டாம். நின்றுகொண்டு, மூச்சை நிறைய இழுத்து, உதடுகளால் நன்றாகக் கவ்வி, ஒரே வேகத்தில் ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, மிக உயர்ந்த எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். நோயாளி இதை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு வாரம் காலையும் மாலையும் ஊதி நோட்டில் எழுதி வருகிறார். காலையில் 300, மாலையில் 400 என்றால், இரண்டுக்கும் உள்ள வேறுபாடான 100-ஐ அவற்றின் சராசரியான 350-ஆல் வகுக்க, ஏறத்தாழ 29 சதவீத ஏற்றத்தாழ்வு. இப்படி நாள்தோறும் கணக்கிட்டுச் சராசரி பார்த்தால், பெரியவர்களில் 10 சதவீதத்துக்கும், குழந்தைகளில் 13 சதவீதத்துக்கும் மேல் வந்தால் ஆஸ்துமா என்று எண்ண இடமுண்டு.

குழந்தைகளில் கண்டறிவது

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையால் பெரும்பாலும் இந்தக் கருவிகளில் ஊத இயலாது. மேலும் அந்த வயதில் சாதாரணச் சளிக்காய்ச்சலே இரைப்பை உண்டாக்கும். அப்படி இரைப்பு வரும் குழந்தைகள் எல்லோருக்கும் ஆஸ்துமா என்று முத்திரை குத்தக்கூடாது.

ஆகவே நாங்கள் பாங்கைப் பார்க்கிறோம். சளி இல்லாத நாட்களிலும் இரைப்பு வருகிறதா? சிரித்தாலும் அழுதாலும் ஓடினாலும் இருமுகிறதா? இரவில் இருமலால் எழுந்து உட்காருகிறதா? மற்றப் பிள்ளைகளோடு ஓடாமல் ஓரமாக நின்றுவிடுகிறதா? கரப்பான் உண்டா? பெற்றோருக்கு இளைப்பு உண்டா? இவற்றுக்கு விடை “ஆம்” என்றிருந்தால், குறைந்த அளவு தடுப்பு மருந்தை இரண்டு மூன்று மாதம் கொடுத்துப் பார்க்கிறோம். மருந்தால் நன்றாகி, நிறுத்தியதும் திரும்பி வந்தால் நோய் உறுதியாகிறது. எடை ஏறாத குழந்தை, பிறந்த சில வாரங்களிலிருந்தே இரைக்கும் குழந்தை, பால் குடிக்கும்போதெல்லாம் புரையேறும் குழந்தை ஆகியோருக்கு வேறு காரணம் தேட வேண்டும்.

இருவகை மருந்துகள்

ஒன்று நிவாரண மருந்து. இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்துவது. நீல நிற இன்ஹேலரில் வரும் சால்புட்டமால் 1969 முதல் பயன்பாட்டில் உள்ளது. மற்றொன்று தடுப்பு மருந்து. பெக்லோமெத்தசோன், புடசோனைடு போன்ற ஸ்டீராய்டை மிகச் சிறிய அளவில் நேரே மூச்சுக்குழாயில் சேர்ப்பது. அழற்சியை ஆற்றுவது இதுதான். இதன் பலன் உடனே தெரியாது. பல நாட்கள், வாரங்கள் கழித்தே தெரியும். அதனால்தான் ஜனங்கள் நீல மருந்தை நேசிக்கிறார்கள், தடுப்பு மருந்தை நிறுத்திவிடுகிறார்கள்.

நீல மருந்தை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. உலக அளவில் ஆஸ்துமாச் சிகிச்சைக்கு வழிகாட்டும் ‘ஜினா’ அமைப்பு 2019-ல் தன் ஆலோசனையை வெளிப்படையாக மாற்றிக்கொண்டது: 12 வயதும் அதற்கு மேலும் உள்ள யாருக்கும் நீல மருந்தை மட்டும் கொடுக்கக்கூடாது, லேசான நோயாயினும் ஸ்டீராய்டு தடுப்பு மருந்து சேர்ந்தே இருக்க வேண்டும். புடசோனைடும் ஃபார்மோட்டிராலும் ஒரே இன்ஹேலரில் சேர்ந்து வருவதால், தேவைப்படும்போது அதையே நிவாரணமாகவும் எடுத்துக்கொள்ளலாம். 6 முதல் 11 வயதுள்ள பிள்ளைகளுக்கு நாள்தோறும் குறைந்த அளவு தடுப்பு மருந்து, அல்லது நிவாரண மருந்து எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அதோடு தடுப்பு மருந்து என்பது முறை. எந்த அளவு, எத்தனை தடவை என்பதை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

நோய் கட்டுக்குள் இருக்கிறதா என்று அறிய நான்கு கேள்விகள் போதும். கடந்த நான்கு வாரங்களில், வாரத்துக்கு இரண்டு முறைக்குமேல் பகலில் தொந்தரவு வந்ததா? ஓர் இரவாவது இளைப்பால் விழித்தீர்களா? வாரத்துக்கு இரண்டு முறைக்குமேல் நிவாரண மருந்து தேவைப்பட்டதா? வேலையோ விளையாட்டோ தடைப்பட்டதா? நான்குக்கும் “இல்லை” என்றால் நல்லது. ஒன்றிரண்டுக்கு “ஆம்” என்றால் பாதிக் கட்டுப்பாடு. மூன்று நான்குக்கு “ஆம்” என்றால், சீக்கிரம் மருத்துவமனைக்கு வர வேண்டும். வந்தவுடன் மருந்தின் அளவை நாங்கள் கூட்டுவதில்லை. முதலில் அவர் இன்ஹேலரை எடுக்கும் விதத்தைப் பார்க்கிறோம். மூடியைக் கழற்றாமல் அழுத்துகிறவர், நாக்கின்மேல் அடிக்கிறவர், மூச்சை வெளியே விடும்போது அழுத்துகிறவர் என்று பலரைக் கண்டிருக்கிறோம்.

சரியான முறை இது: குலுக்கி, மூச்சை முழுதும் வெளியே விட்டு, உதடுகளால் கவ்வி, மெதுவாக உள்ளிழுக்கத் தொடங்கும்போதே ஒருமுறை அழுத்தி, ஆழமாக இழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்க வேண்டும். இது பிள்ளைகளுக்கும் முதியோருக்கும் கடினம். அவர்களுக்கு ஸ்பேசர் என்னும் கூடு வேண்டும். அதில் ஒருமுறை அழுத்தி ஐந்தாறு தடவை சாதாரணமாக மூச்சு விட்டால் போதும். ஸ்பேசர் வாங்க வழியில்லாதபோது என்ன செய்வது? தென் ஆப்பிரிக்காவில் கேப் டவுன் நகரக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் மருத்துவர்கள், 500 மில்லி குளிர்பான பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் பொருந்துமளவு துளையிட்டு, பாட்டிலின் வாய் வழியே பிள்ளைகளை மூச்சிழுக்கச் செய்தார்கள். அது கடையில் வாங்கும் ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்ததை 1999-ல் வெளியிட்டார்கள். எங்கள் செவிலியர்களும் இப்போது பாட்டில்களைச் சேர்த்துவைக்கிறார்கள்.

“பம்பு பழகிவிடுமாமே?”

தாய்மார் எங்களிடம் கேட்கும் முதல் கேள்வி இதுவே. “பம்பு பழகிட்டா அப்புறம் விடவே முடியாதாமே, சிஸ்டர்? மாத்திரையே குடுங்க” என்பார்கள். இன்ஹேலர் போதைப்பொருள் அல்ல. அது யாரையும் அடிமையாக்குவதில்லை. கண்ணுக்குக் கண்ணாடி போடுகிறவர் கண்ணாடிக்கு அடிமையாவதில்லை அல்லவா?

அளவையும் பாருங்கள். ஒரு சிறிய ஸ்டீராய்டு மாத்திரையில் 5 மில்லிகிராம், அதாவது 5000 மைக்ரோகிராம் மருந்து உள்ளது. தடுப்பு இன்ஹேலரில் ஒருமுறை இழுப்பது 100 அல்லது 200 மைக்ரோகிராம் மட்டுமே. அதுவும் தேவையான இடத்துக்கே போகிறது. பிள்ளையின் வளர்ச்சி பாதிக்குமா என்ற கேள்விக்கு மறைக்காமல் பதில் சொல்கிறோம்: நீண்ட நாள் எடுத்த பிள்ளைகளின் உயரம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் குறையலாம். கட்டுப்படாத இளைப்போ பிள்ளையின் உறக்கத்தையும் பள்ளிக்கூடத்தையும் எடுத்துக்கொள்கிறது, சில வேளை உயிரையும் எடுத்துக்கொள்கிறது. மருந்து இழுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண் வரும் வாய்ப்பு குறையும்.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. பிள்ளை படுக்கும் அறையில் கொசுவர்த்தி வேண்டாம். வீட்டுக்குள் யாரும் புகைபிடிக்க வேண்டாம். அடுப்புப் புகை வெளியேற வழி செய்யுங்கள். தலையணை, போர்வைகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். ஆனால் வாழைப்பழம், தயிர், ஆரஞ்சு என்று எல்லாவற்றையும் நிறுத்திப் பிள்ளையை மெலியவைக்க வேண்டாம். ஒரு குறிப்பிட்ட உணவால் வருகிறது என்று தெளிவாகத் தெரிந்தாலொழிய உணவுக் கட்டுப்பாடு தேவையில்லை.

ஜெபமும் மருந்தும்

இதை எழுதத் தயங்கினோம்; ஆனாலும் எழுதவேண்டியிருக்கிறது. சுகமளிக்கும் ஜெபத்துக்குப்பின் மூச்சு நன்றாயிருக்கிறது என்று, விசுவாசத்தின் அடையாளமாக இன்ஹேலரை எறிந்துவிட்டு, சில வாரங்களில் ஆம்புலன்ஸில் வந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். நாங்களும் ஜெபிக்கிறவர்கள்தான், ஒவ்வொரு காலையும் வார்டில் ஜெபித்தே வேலையைத் தொடங்குகிறோம். ஆனால் ஆஸ்துமா இயல்பாகவே வந்து வந்து போகும் நோய். நன்றாயிருக்கும் வாரங்கள் நோய் போய்விட்டதற்குச் சான்று அல்ல. நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததை நம் ஆண்டவர் குறையாகச் சொல்லவில்லையே. போதகர்களை அன்போடு கேட்டுக்கொள்கிறோம்: சுகம் பெற்றேன் என்று சாட்சி சொல்பவரோடு சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்லுங்கள், அதோடு, “மருத்துவர் நிறுத்தச் சொல்லும்வரை மருந்தை நிறுத்தாதே” என்றும் சொல்லுங்கள். உங்கள் ஒரு வார்த்தை எங்கள் நூறு வார்த்தைகளுக்குச் சமம்.

திடீரென்று மூச்சு முட்டினால்

விடுமுறை வேதாகமப் பள்ளியிலோ வாலிபர் முகாமிலோ ஒரு பிள்ளைக்கு இளைப்பு வந்தால், படுக்கவைக்காமல் நிமிர்த்தி உட்காரவையுங்கள். கூட்டம் கூடாமல் காற்று வர விடுங்கள். நீல இன்ஹேலரை ஸ்பேசரில் ஒருமுறை அழுத்தி நான்கு மூச்சு. இப்படி நான்கு முறை. நான்கு நிமிடம் பொறுத்துப் பாருங்கள். குறையாவிட்டால் மீண்டும் நான்கு முறை கொடுத்து, உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை இதையே தொடருங்கள்.

ஒரு வாக்கியத்தைக்கூட முழுதாகப் பேச முடியாமை, உதடு நீலமாதல், நெஞ்சு உள்வாங்குதல், மயக்கம், குழந்தை தண்ணீர்கூடக் குடிக்க முடியாமை ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். இவற்றில் எதைக் கண்டாலும் காத்திராமல் புறப்படுங்கள். இரைப்புச் சத்தம் திடீரென்று அடங்கி, பிள்ளையும் சோர்ந்துபோனால், குணமாகிவிட்டது என்று எண்ணாதேயுங்கள்; காற்றே போகவில்லை என்பது பொருள்.

உங்கள் காணிக்கையைக் குறித்து ஒரு வார்த்தை

நீங்கள் அன்போடு அளித்த நெபுலைசர் கருவிகள் எங்கள் அவசரப் பிரிவில் இரவும் பகலும் வேலை செய்கின்றன. அந்தச் சிறுவனின் உயிரைக் காத்ததும் அவற்றில் ஒன்றே. அதற்காக நன்றி செலுத்துகிறோம். ஆனால் உண்மையைச் சொல்வது எங்கள் கடமை. இன்று எங்களுக்கு அதிகமாகத் தேவைப்படுவது இன்னொரு கருவி அல்ல. ஏழைப் பிள்ளைக்கு மாதந்தோறும் தடையின்றித் தடுப்பு மருந்தும், ஒரு ஸ்பேசரும், தாயின் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்க ஒரு செவிலியரின் நேரமும் தேவை. இவற்றில் யாருடைய பெயரையும் பொறித்துவைக்க இடமில்லை. திறப்பு விழாவும் இல்லை. அந்தத் தாய் நள்ளிரவில் எங்கள் வாசலுக்கு ஓடிவராமல் இருக்கிறாரே, அதுவே இதன் பலன். நடக்காமல் போன ஒரு இரவை நாங்கள் படம் பிடித்து உங்களுக்கு அனுப்ப முடியாது.

அந்தச் சிறுவன் இப்போது தடுப்பு மருந்து எடுக்கிறான். மாதம் ஒருமுறை தாயோடு வந்து, பீக் ஃப்ளோ நோட்டைப் பெருமையோடு நீட்டுகிறான். கடந்த வாரம் அவன் வந்தபோது முழங்காலில் சிராய்ப்பு இருந்தது. கபடி விளையாடி விழுந்தானாம். அந்தக் காயத்துக்கு மருந்து போட்டபோது எங்கள் செவிலியர் சிரித்துக்கொண்டே ஸ்தோத்திரம் சொன்னார்.

ஜெபக் குறிப்புகள்

1. இளைப்பு நோயால் இரவில் உறக்கமின்றித் தவிக்கும் பிள்ளைகளுக்காகவும், விழித்திருந்து காக்கும் பெற்றோருக்காகவும்.

2. மருந்து இருந்தும் பயத்தினால் எடுக்கத் தயங்குகிறவர்கள் தெளிவடைய.

3. புகையிலும் பஞ்சுத் தூசியிலும் வேலை செய்து பிழைக்கும் குடும்பங்களுக்காக.

4. அவசரத்தைமட்டும் கவனித்து, அடுத்த மாதத்தை மறந்துவிடாதபடி, எங்களுக்குப் பொறுமையும் ஞானமும் கிடைக்க.

கர்த்தர் உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனை ஊழியர்கள்